திண்ணைக்கு வந்த சோறு

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் ஒரு வீடு. இரவு நெடுநேரம் ஆகிவிட்டது, கதவு தாழிடப்பட்டிருக்கிறது. திருவொற்றியூர் சென்று தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மனையும் தொழுதுவிட்டு நடந்தே திரும்பிய இளைஞர் ஒருவர், உறங்குகிறவர்களை எழுப்ப மனமின்றி வெறும் வயிற்றோடு திண்ணையில் படுத்துவிடுகிறார். சற்றைக்கெல்லாம் அண்ணியார் சோறு கொண்டுவந்து எழுப்புகிறார். இளைஞர் உண்டு, கை கழுவி, மீண்டும் கண்ணயர்கிறார். பின்னும் சிறிது நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. “சாப்பிடாமலே படுத்துவிட்டாயே, தம்பி” என்று அண்ணியார் வந்து எழுப்புகிறார். “இப்போதுதானே அண்ணி, நீங்கள் சோறு இட்டீர்கள்?” என்கிறார் இளைஞர். முதலில் வந்தவள் யார் என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

இராமலிங்க அடிகளின் வரலாற்றை அறிந்த அன்பர்கள் இதைக் கேட்டிராமல் இருக்க முடியாது. 1823-ஆம் ஆண்டு மருதூரில் தோன்றி, குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்து, 1858 வரை இந்நகரில் வாழ்ந்தவர் வள்ளற்பெருமான். கந்தகோட்டமும் திருவொற்றியூரும் அவருடைய இளமையை ஆட்கொண்ட இரு தலங்கள். அண்ணி வடிவில் அம்மன் வந்த கதையைச் சொல்லுவோர் அந்த உருமாற்றத்தை வியந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். அவள் எங்கே வந்தாள் என்பதைக் கவனிப்பவர் குறைவு. திருவொற்றியூர்த் திருக்கோயிலில் மடைப்பள்ளி உண்டு, நைவேத்தியம் உண்டு. தன் பிள்ளைக்கு அங்கேயே அமுதூட்டி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கடந்து, பசித்தவன் படுத்திருந்த தெருவுக்கே அவள் சோற்றை எடுத்து வந்தாள். அதுவும் வீட்டுக்குள்ளே போய் இலை போடவில்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான திண்ணையில் வைத்து இட்டாள்.

அடிகள் நடந்த அந்த வழியில் இன்று நடப்பது எளிதன்று. எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் துறைமுகம் நோக்கி வரும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து வாடை ஒருபுறம், ஆலைப் புகை ஒருபுறம். இத்தனைக்கும் நடுவே, விளக்கு வைக்கும் நேரம் தொடங்கி நள்ளிரவு வரையில், இச்சாலையின் இருமருங்கிலும் அடுப்புகள் எரிகின்றன. இட்லிக் கடை, சுண்டல் வண்டி, பரோட்டாக் கல். இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவர், லாரியை ஓரங்கட்டிய ஓட்டுநர், சுமை இறக்கிய களைப்பில் நிற்கும் தொழிலாளி எல்லோருக்கும் அந்த நேரத்தில் அண்ணி கதவைத் திறப்பதில்லை. அவர்களுக்குத் திண்ணை இந்தத் தெருவோரம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை. வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டுத் தேரடிப் பக்கம் வருகிறார் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர். கையில் குங்குமப் பொட்டலம். மறு கையில் பேரன். பிள்ளை ஒரு தள்ளுவண்டியைக் கண்டு நின்றுவிடுகிறான்.

“ஆயா, அத்தோ வாங்கிக் குடு.”

“கோயிலுக்குப் போயிட்டு வந்து கண்டதையும் திங்கக் கூடாது. வீட்டுல இட்லி வச்சிருக்கேன், வா.”

“இட்லி தினமும் இருக்கு ஆயா!”

சண்டை தொடரட்டும். வடசென்னையின் பல குடும்பங்களில் வாரந்தோறும் நடக்கும் வழக்கு இது. ஆயாவின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் புரியாத பண்டம், யார் கையோ, எந்த எண்ணெயோ. ஆனால் ‘கண்டது’ என்று அவர் ஒதுக்கும் அந்தப் பண்டம் எந்த வழியாக இங்கு வந்தது என்று தெரிந்தால், தீர்ப்பு சற்றே மாறக்கூடும்.

அத்தோ பர்மாவிலிருந்து வந்தது. பர்மிய மொழியில் ‘தோ’ என்ற ஒலியுடைய சொல்லுக்குப் பிசைந்து கலந்தது என்று பொருள். கையால் பிசைந்தது என்று பொருள்படும் ‘லெத்தோ’ என்றொரு பண்டமும் அங்கே உண்டு. காவி நிறம் ஏற்றிய நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் இட்டு, மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசும் வெங்காயமும் சேர்த்து, புளித்தண்ணீர், உப்பு, வறுத்த மிளகாய்த் தூள், வறுத்த கடலை மாவு, பூண்டு பொரித்த எண்ணெய் விட்டு, நம் தட்டையைப் போன்ற ‘பேஜோ’வை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து தருவார்கள். அடுப்பில் ஏற்றிக் கிளறுவது கிடையாது. பக்கத்தில் சூடாக வாழைத்தண்டுச் சாறு. பர்மியர்கள் காலை உணவாக உண்ணும் ‘மொகிங்கா’ என்ற மீன்சாற்றிலும் வாழைத்தண்டு சேரும். இங்கே வந்தபின் மீனை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வைத்துக்கொண்ட கடைகள் பல. புளியும் பூண்டும் மிளகாயும் வாழைத்தண்டும் ஆயாவின் அடுக்களையில் இல்லாத பொருள்களா என்ன? கூட்டும் முறைதான் வேறு.

இரங்கூன் ஒரு காலத்தில் உலகின் பெருந்துறைமுக நகரங்களுள் ஒன்று. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நகரில் வாழ்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே போன தமிழர்கள் பலதிறத்தவர்: வட்டித் தொழில் செய்த நகரத்தார், நெல் ஆலைத் தொழிலாளிகள், துறைமுகக் கூலிகள், எழுத்தர்கள். போன இடத்தில் முதலில் கட்டியது கோயில். இரங்கூன் காளி கோயில் 1871-இல் தமிழர்கள் எழுப்பியது. நகரத்தார் போன ஊர்களில் எல்லாம் தண்டாயுதபாணிக்கு ஆலயம் எழுந்தது. பங்குனி உத்திரமும் ஆடி வெள்ளியும் ஐராவதி நதிக்கரையிலும் கொண்டாடப்பட்டன. திருவிழா முடிந்து வீடு திரும்பும் வழியில், அந்நாட்டு மக்கள் பிசைந்து தந்த நூடுல்ஸையும் அவர்கள் உண்டு பழகினார்கள்.

1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா வந்து சேர முயன்றதும், வழியிலேயே பலர் மாண்டதும் முதியோர் பலர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்ட செய்தி. எஞ்சியவர்களுக்கு இரண்டாவது அடி 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு விழுந்தது. 1963-இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964-இல் கடைகளும் வணிகமும் போயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கையிருப்பைப் பெட்டியில் வைத்திருந்த சிறு வணிகர்கள் ஒரே நாளில் ஓட்டாண்டியானார்கள். வைப்பு ஏடும் கணக்கும் காகிதமாகிப் போவது எத்தகைய துயரம் என்பதை வங்கி வாசலில் ஓய்வூதியத்துக்காக வரிசையில் நின்றவர்கள் நன்றாகவே உணர்வார்கள். சொத்தையும் நகையையும் அங்கேயே விட்டுவிட்டு, அனுமதித்த சிறு மூட்டையோடு அகதிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அவர்களில் பலர் குடியமர்த்தப்பட்ட இடங்கள் வியாசர்பாடி, எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகள். பர்மா நகர் என்ற பெயர் எண்ணூரில் இன்றும் வழங்குகிறது. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969-இல் பர்மா பஜார் உருவாயிற்று. கடை வைக்க வழியில்லாதவர்கள், இரங்கூனில் பார்த்துப் பழகிய பண்டத்தைப் பிசைந்து விற்கத் தொடங்கினார்கள். நகையைப் பறிக்க முடிந்த சுங்க அதிகாரியால் கைப்பக்குவத்தைப் பறிக்க முடியவில்லை. அந்த வண்டிகள்தாம் இன்று கடற்கரை இரண்டாவது வரிசைச் சாலையிலிருந்து திருவொற்றியூர் வரை பரவி நிற்கின்றன. ஆயா ‘கண்டது’ என்று சொன்ன பண்டத்தின் வரலாறு இதுதான்: அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே போய், அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே திரும்பிய ஒரு கூட்டம், வெறுங்கையோடு வந்து இறங்கிய ஊரில் பிழைத்துக்கொண்ட கதை.

இப்போது உலகின் பெருநகரங்கள் உணவை எப்படிப் போற்றுகின்றன என்று பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் நம் முதியோரில் பலர் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் லண்டனையும் நேரில் கண்டு வந்தவர்கள்தாம். மகனோ மருமகளோ பெருமையோடு அழைத்துச் சென்ற உணவகத்தில், பெரிய தட்டின் நடுவே சிறிய உருண்டை ஒன்றைக் கண்டு, ‘சாப்பாடு எப்போது வரும்?’ என்று கேட்டவர்களும் அவர்களில் உண்டு.

‘ரெஸ்டாரண்ட்’ என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் பிரெஞ்சுச் சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை. ஒரு சாற்றைக் குறித்தது. களைத்த உடலுக்கு மீண்டும் தெம்பூட்டும் சாறு என்பது அதன் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் அத்தகைய சாற்றை விற்ற இடங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து, வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் முன்பதிவும் வந்து சேர்ந்தன. வாழைத்தண்டுச் சாற்றைக் குவளையில் ஊற்றித் தரும் தேரடி வண்டிக்காரர், அச்சொல்லின் மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் வழக்கம் வந்த வழி இன்னும் வேடிக்கையானது. மிஷலின் என்னும் பிரெஞ்சு நிறுவனம் டயர் தயாரிப்பது. மோட்டார் வண்டிக்காரர்கள் நெடுந்தொலைவு பயணம் செய்தால்தானே டயர் தேயும், விற்பனை ஏறும்? அவர்களுக்காக 1900-ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி நூலை அது வெளியிட்டது. 1926 முதல் அந்நூல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் இடத் தொடங்கியது. மூன்று நட்சத்திரம் பெற்ற இடம் என்றால், அங்கே உண்பதற்கென்றே பயணம் புறப்படலாம் என்று பொருள். டயருக்கும் சமையலுக்கும் உள்ள உறவு அவ்வளவே. டயர்தான் தகுதி என்றால் திருவொற்றியூரும் குறைந்ததன்று. 1946-இல் பலூன் செய்யும் ஒரு கொட்டகையாக இவ்வூரில் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம் பின்னர் இங்கேயே டயர் ஆலையும் நடத்தியது. நட்சத்திரங்கள்தாம் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நியூயார்க் நகரில் ‘செம்மா’ என்ற தமிழ்ப் பெயருடன் ஓர் உணவகம் இருக்கிறது. தென்னாட்டுச் சமையலுக்காக 2022-இல் அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அதன் தலைமைச் சமையற்கலைஞர் விஜயகுமார் தமிழ்நாட்டு நத்தம் பகுதியைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜேம்ஸ் பியர்டு விருதும் 2025-இல் அவரைத் தேடி வந்தது. அங்கே பெயர் வாங்கிய பண்டங்களுள் ஒன்று நத்தை வறுவல். சைவ அன்பர்களுக்கு ஆகாதது. அதன் கதை மட்டும் கேட்கத் தக்கது. வயலில் நத்தை பொறுக்கி உண்பது வறியவர்களின் பழக்கம் என்று ஊரில் வெளியே சொல்லக் கூசிய உணவு அது. அதே பண்டத்துக்காக அந்நகரத்துச் செல்வர்கள் பல நாள் முன்னதாகவே இடம் பிடிக்கிறார்கள். ஒரு தமிழரின் கைப்பக்குவத்துக்கு உலக நகரம் தலைவணங்கியது மகிழ்ச்சியே. ஆயினும் பசித்து வந்த ஏழை ஒருவர் அந்த வாயிலில் நுழைய முடியாது. நியூயார்க்கின் நட்சத்திரம் சமையலின் சிறப்பை அளக்கிறது. உண்ண வந்தவனின் பசி அதன் அளவுகோலில் இல்லை.

சிங்கப்பூரின் வழி வேறு. அதில் நாம் கற்க நிறைய இருக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் தெருவெங்கும் தள்ளுவண்டிகள் நின்றன; சாக்கடை ஓரத்தில் பாத்திரம் கழுவினார்கள். 1970-களிலும் எண்பதுகளிலும் அரசு அவர்களைத் துரத்திவிடவில்லை. உரிமம் கொடுத்து, குழாய்த் தண்ணீரும் வடிகாலும் கூரையும் உள்ள உணவு மையங்களைக் கட்டி, அங்கே கொண்டுபோய் அமர்த்தியது. சீனர் கடைக்கு அருகே மலாய்க் கடை, அதற்கடுத்துத் தமிழர் கடை. ஒரே மேசையில் மூவினத்தாரும் உண்கிறார்கள். 2016-இல் அத்தகைய எளிய கடைகள் இரண்டுக்கு மிஷலின் நட்சத்திரமே கிடைத்தது. 2020-இல் யுனெஸ்கோ அந்த உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் தெருவோர வணிகர்களைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விற்பனைக் குழு, அடையாளச் சான்று, விற்பனைக்கென வகுத்த இடம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வண்டியருகே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்தால், சட்டம் எத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது தெரியும். ஆயாவின் தயக்கத்தில் பாதி ஆசாரம் என்றால் மீதிப் பாதி இந்தக் குழாய்தான். அந்த மீதிப் பாதியில் அவர் சொல்வதே சரி.

ஆசாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைமை பேணும் கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் மிளகாய் நுழைவதில்லை, காரத்துக்கு மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் கூட அங்கே இல்லை. காரணம், இவை யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் முதலான ஐரோப்பியரின் கப்பல்கள் வழியே பிற்காலத்தில் வந்தவை. அந்தக் கணக்கில் பார்த்தால் வீட்டில் நாள்தோறும் கொதிக்கும் தக்காளி ரசமும் மிளகாய்ப் பொடியும் கடல் கடந்து வந்த அந்நியச் சரக்கே. நானூறு ஆண்டு பழகியதால் நம்முடையதாயிற்று. அத்தோவுக்கு அறுபது ஆண்டுதானே ஆகிறது? விரதம் இருப்பவர், பூண்டு வெங்காயம் நீக்கியவர் அதை உண்ண வேண்டுமென்று யாரும் வற்புறுத்தப் போவதில்லை. அந்நியம் என்ற ஒரே காரணத்தால் அதை இழிவென்று சொல்வதற்கு மட்டும் இடமில்லை.

கலந்த சோறு இறைவனுக்கு ஆகாததா? செங்கற்பட்டை அடுத்த திருக்கச்சூரின் வரலாறு பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் உச்சிப் பொழுதில் பசியோடு அத்தலத்தில் அமர்ந்திருக்கிறார்; அவருக்கு அமுது சமைக்கும் பரிசனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. சிவபெருமான் முதிய அந்தணராக, கையில் ஓடு ஏந்தி வருகிறார். ‘சற்றே இரும், இரந்து கொண்டுவந்து தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, கொளுத்தும் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை ஏற்கிறார். ஒரு வீட்டுச் சோறு, ஒரு வீட்டுக் கறி, இன்னொரு வீட்டுக் குழம்பு. அவ்வளவையும் கொண்டுவந்து நம்பியாரூரருக்கு இட்டு மறைந்தார். விருந்திட்ட ஈசர் என்ற திருநாமம் அங்கே இன்றும் வழங்குகிறது. எந்த வீட்டில், யார் கையால் என்று இறைவன் கேட்கவில்லை. அந்தச் சோற்றை உண்ட சுந்தரர்தாம் பின்னர்க் காஞ்சியும் காளத்தியும் வணங்கித் திருவொற்றியூர் வந்து, மகிழமரத்தடியில் சத்தியம் செய்து, சங்கிலி நாச்சியாரை மணந்தார்.

திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களில் பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கு மேல் உள்ளன. அக்காலத்து அறக்கட்டளை முறை வங்கித் தொழில் அறிந்தோர் பாராட்டத்தக்கது. பக்தர் ஒருவர் பொன்னை ஊர்ச்சபையிடம் ஒப்படைப்பார். முதலைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் கிடைக்கும் வட்டியிலிருந்து விளக்கெரிய வேண்டும், அல்லது அடியார்க்கு அமுது படைக்க வேண்டும். பொலியூட்டு என்று அதற்குப் பெயர். கடைக்குப் புகழ் சேர்ப்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இத்தனை பேர் உண்ண வேண்டும், இன்ன நாளில் உண்ண வேண்டும் என்பதே நிபந்தனை.

வள்ளற்பெருமானும் அந்த அளவையையே கைக்கொண்டார். திண்ணையில் பசித்துக் கிடந்த இளைஞர், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அங்கே கேட்பதில்லை. அம்மன் ஒரு கவளம் இட்டதற்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகச் சோறு போட்டுக் கடன் தீர்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆடி மாதம் வடசென்னைக்கு வந்து பார்த்தவர்களுக்கு இது புத்தகச் செய்தியாகத் தோன்றாது. ராயபுரத்துச் சந்துகளிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் அம்மன் கோயில்தோறும் ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்க்கிறார்கள். முன்னாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி சேர்த்து, ஆளுயர அண்டாவில் துடுப்பால் துழாவுகிறார்கள். மோரும் சின்ன வெங்காயமும் கலந்து, முருங்கைக் கீரைப் பொரியலோடு வார்க்கும்போது, தூக்குவாளியும் செம்பும் ஏந்தி ஊரே நிற்கிறது. ஆலை மேற்பார்வையாளரும் வரிசையில். குப்பை அள்ளுகிறவரும் வரிசையில். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் உலக நகரங்களின் உணவகங்களில் கேழ்வரகுக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்கிறார்கள். கூடட்டும். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறும் கிடைத்ததும், மூட்டை தூக்குவோரும் மருத்துவமனைக்கு வந்த வெளியூராரும் அங்கே அமர்ந்து மானத்தோடு உண்டதும், எந்த வழிகாட்டி நூலிலும் நட்சத்திரம் பெறவில்லை.

தேரடியில் வழக்கு இன்னும் முடியவில்லை. பேரன் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறான். ஆயா வேறு வழியின்றிக் கடைக்காரரை விசாரிக்கத் தொடங்குகிறார்.

“ஏம்பா தம்பி, இதுல முட்டை கிட்டை போடுவியா?”

“முட்டை தனியாம்மா. கேக்குறவங்களுக்குத்தான். சைவத்துக்குக் கிண்ணம் வேற, கரண்டி வேற வச்சிருக்கேன். சூப்பும் வாழைத்தண்டுதான்.”

“கை கழுவுனியா?”

அவர் சிரித்துக்கொண்டே குடத்திலிருந்து நீர் மொண்டு, அந்த அம்மையார் கண்ணெதிரே மறுபடியும் கை கழுவுகிறார். பிறகு பிசைகிறார். நெற்றியில் திருநீறு. வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு படங்கள்: ஒன்று வடிவுடையம்மன், மற்றொன்று ஓரம் பழுத்துப் போன, எந்த ஊர்க் காளி என்று இங்குள்ளோர் அறியாத ஒரு பழைய படம். ஆயா அதையே உற்றுப் பார்க்கிறார்.

“இது எந்தக் கோயில் அம்மன்?”

“எங்க தாத்தா இரங்கூன்லேர்ந்து எடுத்தாந்ததும்மா. வேற ஒண்ணும் எடுத்தாரல.”

ஆயா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தை நோக்கிக் கை குவிக்கிறார். பேரன் அதற்குள் பாதியைத் தின்று முடித்துவிட்டான். கடைக்காரர் ஒரு குவளையில் சாற்றை ஊற்றி, கேட்காமலே அந்த மூதாட்டியிடம் நீட்டுகிறார். அவர் அதைச் சேலைத் தலைப்பால் பிடித்து, ஊதி ஊதி, நின்றபடியே குடிக்கிறார். குவளை காலியாவதற்கு முன்பே, காசு பற்றிப் பேச்செடுக்காமல், அவர் மீண்டும் ஊற்றுகிறார்.